ஷைலா கொட்டிய உம்

நாகஜோதிக்கு ஷைலாவைக் கண்டாலே வயிறு எரியும். இருவரும் சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுதியில் ஒரே அறை, இருவருக்கும் பொதுவாக ஒரே தேங்காய் எண்ணெய் பாட்டில். அதில் பாதிக்கு மேல் ஷைலாவின் தலைக்குத்தான் போகிறது என்பதும் அந்த எரிச்சலில் சேர்த்தி.

வார்டில் எல்லோரும் ஷைலாவைத்தான் தேடினார்கள். தீக்காயத்தோடு படுத்திருந்த முத்துப்பேச்சி, மருமகள் குழம்பில் உப்பை அள்ளிப் போட்ட கதையை அவளிடம் தினமும் சொல்வாள். ஷைலா கட்டு மாற்றிக்கொண்டே, "உம்... அடியாத்தீ... உம்" என்பாள். அவ்வளவுதான். வலிக்காமல் ஊசி போட்டது நாகஜோதி. பெயர் வாங்கியது ஷைலா.

"ஏ பூம்பூம் மாடு, ஒரே கதைக்கு எம்புட்டு நாளுதான் உம் கொட்டுவ?"

"அந்தக்கா ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான்டி சொல்லுது."

ஜப்பானில் முதியோர் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விருதுநகரில் நடந்த ஜப்பானிய மொழி வகுப்பில் நாகஜோதி சேர்ந்தாள். அவளுடைய அம்மா கற்பகம், எம். புதுப்பட்டி ஊரில் ஒரு பட்டாசு ஆலையில், வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிற அறையில் வேலை செய்கிறவள். பக்கத்து ஆலை வெடித்த அன்று, செருப்பில்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தபோதே நாகஜோதி முடிவு செய்துவிட்டாள். அவள் வெளிநாடு போனால் அம்மா அந்த அறைக்குள் போக வேண்டாம்.

"நீ போறேல்ல, நானும் வாரேன்" என்று ஷைலாவும் வந்து சேர்ந்தாள்.

பாடம் எடுத்த பொன்ராஜ் சார் அந்த நாட்டில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். ஒரு நாள் சொன்னார்: "அங்கன ஒருத்தர் பேசும்போது கேக்குறவுக சும்மா இருக்க மாட்டாக. நடுநடுவுல 'ஹாய்'ம்பாக, அவுக பாஷையில 'ஆமா'ன்னு. தலைய ஆட்டுவாக. ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம் இல்ல, 'கேக்குறேன், சொல்லுங்க'ன்னு அர்த்தம். நம்ம ஊர்ல பெரியவுக பேசினா வாய மூடிக்கிட்டு நிக்கிறதுதான் மரியாத. அங்கன அப்படி நின்னா, இந்தப் புள்ளைக்கு என்ன கோவமோன்னு நெனச்சுருவாக."

நாகஜோதி அதை மனப்பாடம் செய்தாள். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்ணும் வாங்கினாள்.

நேர்காணல் கணினி வழியாக நடந்தது. இருப்பது ஒரே இடம். முதலில் நாகஜோதியைக் கூப்பிட்டார்கள். திரையில் இல்லத்தின் நிர்வாகி வந்தார். தலை முழுக்க நரைத்த அம்மாள். அவர் பேசத் தொடங்கியதுமே நாகஜோதியின் கண் தாழ்ந்தது, வாய் மூடியது. ஊரில் ராக்கப்பன் பெரியப்பா முன்னால் எப்படி நிற்பாளோ அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். காத்திருந்தார். மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். கடைசியில் காதில் கை வைத்து, சத்தம் கேட்கிறதா என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்.

"நெட்டு நல்லாத்தான இருக்கு" என்று பொன்ராஜ் சார் வயரை ஆட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் நாகஜோதிக்கு உறைத்தது. "ஹாய் ஹாய் ஹாய் ஹாய்" என்று கொட்டித் தீர்த்தாள். அந்த அம்மாள் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டார்.

அடுத்து ஷைலா போனாள். அவளுக்கு ஒரு வாக்கியமும் உருப்படியாக வராது. ஆனால் கதவுக்கு வெளியே நின்ற நாகஜோதிக்கு அந்த அம்மாளின் குரல் தடையில்லாமல் ஓடுவது கேட்டது. நடுவில் ஷைலாவின் ஹாய். ஒரு இடத்தில் பழக்கத்தில் "உம்" என்றே சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்தார். அந்தச் சிரிப்பு நாகஜோதியின் நெஞ்சில் மிளகாயாய்க் காந்தியது.

இடம் ஷைலாவுக்குக் கிடைத்தது.

"பரிட்சையில நான்தான சார் முதல்ல வந்தேன்?"

"நீதாம்மா. ஆனா உன்கிட்டப் பேசுறது சுவத்துக்கிட்டப் பேசுற மாதிரி இருந்துச்சாம்."

"பெரியவுகன்னுதான சார் வாயத் தொறக்கல!"

"எனக்குத் தெரியும். அவுகளுக்குத் தெரியாதே. தை மாசம் இன்னொரு இன்டர்வியூ இருக்கு. பாப்போம்."

ஷைலா புறப்படும்போது புது எண்ணெய் பாட்டில் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். நாகஜோதி அதைத் தொடவில்லை.

தீபாவளி சீசனில் நாகஜோதி விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது ஷைலாவிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, இங்கன மரமெல்லாம் செக்கச் செவேல்னு இருக்கு. நாள் பூரா பாட்டிமாரு கதைதான். என் கதையச் சொல்லத்தான் எனக்குப் பாஷ பத்தல. அதான் ஒனக்கு அடிச்சேன்."

நாகஜோதி வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள்.

"ஏட்டி, இருக்கியா? லைன் கட்டாயிருச்சா?"

ஷைலாவின் குரல் லேசாக நடுங்கியது. அதைக் கேட்க நாகஜோதிக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

தெருவில் ஆலை வேன் வந்து நின்றது. பெண்களோடு அம்மாவும் இறங்கினாள். தலைமுடியிலும் புருவத்திலும் வெடிமருந்தின் வெள்ளிப் பொடி. அம்மா நாளைக்கும் அந்த அறைக்குத்தான் போவாள். தை மாத நேர்காணல் வரைக்கும் போவாள். அந்தத் தடவையும் தான் சுவராக உட்கார்ந்திருந்தால்?

"ஹாய்" என்றாள் நாகஜோதி.

"எங்கிட்ட எதுக்குடி ஹாய்?"

"பழகுறேன். நீ சொல்லு."

ஷைலா சொல்லத் தொடங்கினாள். சிவந்த மரம், வெந்நீர்க் குளியல், தன்னைப் பேத்தி என்று கூப்பிடும் ஒரு பாட்டி. ஒவ்வொன்றும் தனக்கு வந்திருக்க வேண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, விட்டு விட்டு, சரியான இடத்தில் ஹாய் சொன்னாள் நாகஜோதி.