சட்டம் போட்ட கடிதம்

மண்ணெண்ணெயும் நனைந்த தோலும் கலந்த ஒரு நெடி. முகம் தெரியுமுன்பே அதை வைத்து யாக்கோப்பு மாமா வருகிறார் என்று கண்டுபிடித்துவிடுவோம். பகலெல்லாம் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வள்ளங்களின் மிசின்களைத் திருத்திய கையோடுதான் பின்னேரம் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் தோற்பந்துக்கு எண்ணெய் பூச உட்காருவார். வியன்னாவில் பிறந்து, அங்கே பெரிய கழகமொன்றுக்குப் பந்தடித்து, யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருநாள் பெயர்ப்பட்டியலிலிருந்து வெட்டப்பட்டு, வீட்டாரையெல்லாம் யுத்தத்தில் பறிகொடுத்து, கப்பல் மாறிக் கப்பல் ஏறிக் கொழும்புக்கு வந்து, ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் குடியேறிய மனிதர் அவர். தெருவில் ஏற்கெனவே மூன்று யாக்கோப்புகள் இருந்தபடியால் இவர் "பந்து யாக்கோப்பு" ஆனார்.

பெயரைக் கேட்டு அவரும் எங்களைப்போல "வேதக்காரர்", கிறிஸ்தவர் என்றே நினைத்திருந்தோம். யூதர் என்று தெரிந்ததும் தெரு திகைத்துப்போனது. யூதர் என்றால் பெரிய வெள்ளிக்கிழமை வாசகத்தில் வருகிற பொல்லாதவர்கள், அவ்வளவுதானே எங்களுக்குத் தெரியும்! "மாதாவும் யூதப் பொம்பிளைதானே, வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ" என்று அம்மா ஒரே அதட்டில் எல்லோரையும் அடக்கிவிட்டா. கோயிலில் அந்த வாசகத்தை வாசிப்பவர் என் அப்பா; கழகத்தின் "கப்டன்" அவர்தான். அந்த வருடம் யூதர் என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் அப்பாவுக்கு இருமல் வந்தது. பங்குச் சுவாமியார்கூட ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பதை நெருங்கிய வயதிலும் மாமா களத்தில் நின்றால் எங்களுக்குத் தோல்விப் பயமே கிடையாது. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது கிண்ணமல்ல, இந்த நாட்டுப் பிரசாவுரிமை. விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். "அண்ணை, எனக்கும் ஒரு ஊர் இருக்கெண்டு கடதாசியிலை வேணும்" என்பார் அப்பாவிடம்.

கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். முன்பு ஆங்கிலத்தில் வந்தவற்றை அப்பா எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவார். இப்போது அரசாங்கமே சிங்களத்துக்கு மாறியிருந்தது. தெருவில் சிங்களம் தெரிந்த ஒரேயொருவர், பாண் சுடும் போறணை வைத்திருந்த சிங்கள முதலாளி, ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். கழக அறையில் எல்லோரும் கடதாசியைச் சுற்றி நின்றார்கள். அரசாங்க முத்திரை, சிவப்பு மையில் கையொப்பம், வட்ட வட்டமாய் எழுத்து. "இல்லையெண்டு சொல்லுறதெண்டால் இவ்வளவு வடிவாய் எழுதுவாங்களே? கிடைச்சிட்டுது, யாக்கோப்பு!" என்றார் அப்பா.

கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்தர் ஆரிடமாவது காட்டுங்கோ என்று அம்மா சொல்லத்தான் செய்தா. அந்தச் சந்தோசத்தில் யார் கேட்டது? வெடி கொளுத்தினார்கள். மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலடிவரை போனார்கள். மாமா அழுதார். அப்பா கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கழக அறையில் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதற்கு மாலை கட்டியது எட்டு வயதான நான்.

மூன்று கிழமை கழித்துப் பொலிஸ் சார்ஜன் ஒருவர் வந்தார். தமிழர், உத்தியோகத்துக்காகச் சிங்களம் படித்தவர். "உங்களுக்கு வந்த கடிதம் எங்கை?" என்று மாமாவிடம் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு பெருமையாகச் சுவரைக் காட்டினார். மாலையை விலக்கி வாசித்த மனிதர் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயோ, ஆர் இதுக்குச் சட்டம் போட்டது? விண்ணப்பத்தை மறுத்திட்டாங்கள். நாட்டைவிட்டுப் போகச் சொல்லியிருக்கு. ஆட்சேபம் எண்டால் பதினாலு நாளுக்குள்ளை எழுதியிருக்கவேணும்."

"இப்ப எழுதலாமே, ஐயா?" என்றார் அப்பா.

"நாள் கடந்திட்டுது, அண்ணை."

ஆனாலும் எழுதினார்கள். சுவாமியார் எழுதினார், கழகம் எழுதியது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. நாங்கள் என்னதான் செய்ய? மாமாவை வழியனுப்ப யாழ்ப்பாணம் ஸ்டேசனில் வெறுங்கையோடு நின்றோம். "எந்த நாட்டுக்கு அனுப்புவினம்?" என்று அம்மா கேட்டதற்கு மாமா கையை விரித்தார். பிறகு, தலை நிமிராமல் நின்ற அப்பாவின் கையைப் பிடித்து, "பரவாயில்லை அண்ணை, மூண்டு கிழமை நான் இந்த ஊர்க்காரன்" என்றார்.

அந்தக் கழக அறையும் மைதானமும் இன்று இல்லை. மாமாவிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அப்பா பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கடிதம் அவர் காலமானபின் என்னிடம் வந்தது. சிங்களம் எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அந்த வட்ட எழுத்துகளுக்கு நடுவே இரண்டு இலக்கங்கள் இருக்கின்றன, நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதிய அதே 1, அதே 4. எங்களில் எவரும் அதை வாசித்திருக்கலாம். அது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை; அதன்மேல் மாலையைப் போட்டுவிட்டோம்.