மூன்றாவது துளையின் மூச்சு

ஒன்பது வயதில் எனக்கு அரைமணி நேரம் மெக்கானிக் வேலை கிடைத்தது. சுத்தமாகச் செய்து முடித்தேன். அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க வேண்டாம்.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, திருச்சுழிக் கோவிலில் வைத்துப் பூ வைப்பதாகப் பேச்சு. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் போய்ச் சேராவிட்டால் சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விடக்கூடியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். போகிற வழியெல்லாம் அம்மா இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அத்தைக்கு நர்சிங் படிப்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் படித்தவரை போதும் என்றார்கள். "முடிச்சிட்டுக் கட்டிக்கிர்றேண்ணே" என்று அத்தை ஒருதரம் கேட்டாள். "அதெல்லாம் அவுக பாத்துக்குவாக" என்று அப்பா முடித்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாளாக அத்தை யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

பாளையம்பட்டியில் கிளம்பி, அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும், எங்கள் பழைய வேன் குலுங்கி நொண்டியடித்து நின்றுவிட்டது. டவுனில் பட்டறை வைத்திருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, அப்பா போன் போட்டார்.

மாமா வரும்வரை நானும் அத்தையும் ரோட்டோரக் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் கரிசல் காடு, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வெயில் ஏற ஏறத் தூரத்து ரோடு தண்ணீராக மாறியது. அந்தத் தண்ணீரில் ஒரு பஸ் மிதந்து வந்தது. கிட்டே வந்ததும் சாதாரணப் பஸ்ஸாகிப் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"பத்தரை தாண்டிட்டா வீட்டுக்குத் திரும்பிருவோம்ல பாப்பா?"

"அப்ப லட்டு?" என்றேன். மாப்பிள்ளை வீட்டில் லட்டு பிடித்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். வேறு எந்தக் கவலையும் எனக்கு இல்லை.

மாமா விசேஷத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே பைக்கில் வந்து இறங்கினார். அந்த வேனில் முன்சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு மூன்று பிளக்குகளையும் கழற்றினார். உள்ளே காற்று இறுகி அமுங்கினால்தான் வண்டிக்கு இழுவை வரும், எந்தச் சிலிண்டரில் அந்த அமுக்கம் இல்லாமல் போயிருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்றார். பிளக் கழன்ற துளைகளில் கடைசித் துளை உள்ளே ஒடுங்கியிருந்தது. அவர் கை போகவில்லை.

"பாப்பா, இங்க வா. ஒனக்குத்தான் சின்னக் கை. கட்டைவிரல வச்சு அடைச்சுக்க. காத்து தள்ளுதான்னு சொல்லு."

அத்தை டிரைவர் பக்கம் நின்று கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினாள். முதல் துளையில் வைத்தேன். புஸ்ஸென்று விரலைத் தள்ளிவிட்டது. ஐயோ, எனக்கு எப்படிச் சிலிர்த்தது! இத்தனை நாள் நாம் மேலே உட்கார்ந்து போனது ஏதோ உயிருள்ளதின் மேல்தான் என்று தோன்றியது. இரண்டாவதும் ஊதியது. மூன்றாவதில் ஒன்றுமில்லை.

"மாமா, இது ஊதல."

மாமா அதற்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அப்போதும் ஊதவில்லை. "அப்பன்னா பிஸ்டன் ரிங்கு தேயல, வால்வுதான் மூட மாட்டேங்குது" என்று மேல்மூடியைத் திறந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமை எஞ்சினில் டிக் டிக்கென்று சத்தம் வருகிறது என்று அப்பாவே ஸ்பேனரை எடுத்து வால்வுத் திருகை இறுக முறுக்கியிருந்தார். சத்தம் அடங்கியதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தவர், இப்போது கருவேல மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சத்தம் போட்டாப் போட்டுட்டுப் போகுது மச்சான். வால்வு மூடுறதுக்கு எடம் விட வேணாமா?"

மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் விட்டுப் பார்த்து, திருகைக் கொஞ்சம் தளர்த்தினார் மாமா. அம்மா மணி பத்தாகப் போகிறது என்று புலம்பினாள். "இப்பப் பாரு பாப்பா. இப்பவும் ஊதலன்னா எல்லாத்தையும் கழட்டணும், இன்னைக்கு ஆகாது" என்றார் மாமா.

நான் விரலை வைக்கப் போனேன். சாவியில் கை வைத்திருந்த அத்தை என்னையே பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் மெல்லத் தலையை இல்லையென்று ஆட்டினாள். புதுப்பாவாடையில் எண்ணெய் பட்டுவிடப் போகிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பாவாடையை அள்ளி முழங்காலிடுக்கில் செருகிக்கொண்டேன். அத்தை கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மாமா "திருப்பும்மா" என்றதும் திருப்பினாள்.

விரலுக்கு அடியில் அந்த மூச்சு முட்டிக்கொண்டு வந்தது.

"ஊதுது மாமா! நல்லா ஊதுது!" நான் போட்ட சத்தம் திருச்சுழிவரை கேட்டிருக்கும். எல்லோரும் என்னைத் தூக்கிவைத்துக் கொஞ்சினார்கள்.

பத்து இருபதுக்குக் கோவில் வாசலில் இறங்கினோம். நேரத்துக்கு அத்தைக்குப் பூ வைத்தார்கள். நான் கறுத்துப்போன கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடமெல்லாம் காட்டித் திரிந்தேன். நாலு லட்டு தின்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் அத்தை என்னை மடியில் உட்காரவைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு அந்த விரலைத் தேய்த்து விட்டாள். அழுக்கெல்லாம் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி, நீ பொய்யே சொல்ல மாட்டியா?" என்றாள்.

அத்தை பாராட்டுகிறாள் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சொல்லவே மாட்டேன் அத்தை" என்றேன்.