சாக்ஸபோன் தாளில் பொடிச் சுரங்கள்

போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார். பாட்டு அப்படியே ஒரு கட்டை இறங்கிவிட்டது. பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு பேண்டு செட்டுக்கு நோட்ஸ் எழுதிக்கொடுப்பதுதான் என் முதல் வேலை. சர்ச்சில் மேற்கத்திய சுரக்குறிப்பு கற்றிருந்ததால் கிடைத்தது. விரலெல்லாம் மை, நான் பிட்ட இட்லியைக்கூட வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். விஷயம் இதுதான்: கிளாரினெட் தாளிலும் சாக்ஸபோன் தாளிலும் ஒரே சுரத்தை எழுதினால், காதில் ஒன்றாக விழாது. கருவிக்குத் தக்கபடி மாற்றி எழுத வேண்டும். ஒருவர் சும்மா இருக்கும் இடத்தில், அவர் தாளிலேயே அடுத்தவர் வாசிப்பதைப் பொடி எழுத்தில் எழுதி வைப்போம். எப்போது நுழைவதென்று தெரியும்; அந்த ஆள் வராவிட்டால் இவரே வாசித்தும்விடலாம். பொடிச் சுரத்தையும் மாற்றித்தான் எழுத வேண்டும். எனக்கு அதில்தான் எப்போதும் குழப்பம்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில வருடங்களே ஆகியிருந்தன. ஊருக்குள் கறுப்பு சிவப்புக் கொடி, வயல் வரப்பில் செங்கொடி. கிளாரினெட் தனபால் திருத்துறைப்பூண்டிப் பக்கம், விவசாயக் கூலிக் குடும்பம். அறுப்புக் கூலித் தகராறில் தம்பியைப் போலீஸ் பிடித்துப்போக, அவர் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார். அன்றைக்கு இங்கே ஒரு மிராசுதார் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு மாஸ்டர் கைகாட்டினார்; சாக்ஸபோன் இருதயராஜ் பொடிச் சுரங்களை வாசித்தார். பாட்டு எங்கோ பள்ளத்தில் விழுந்தது. கிளாரினெட் தாளைப் பார்த்து, மாற்றாமல் அப்படியே எழுதிவைத்திருந்தேன். கூட்டம் சிரித்தது. மிராசுதார் சிரிக்கவில்லை. கூலிக்காரப் பயல் வேண்டுமென்றே வராமல் மானத்தை வாங்கிவிட்டான் என்றார்.

மறுநாள் தனபாலுக்கு வேலை இல்லை. நான் தாளை நீட்டி, தப்பு என்னுடையது என்றேன். மாஸ்டர் அதைப் பார்க்கவேயில்லை.

“தெரியும்மா. அவங்க கேட்டது உன் பேரை இல்ல.”

உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்த தனபாலிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் தன்னுடைய தாளை எடுத்து மெதுவாகப் பார்த்தார்.

“என் தாள்ல சரியாத்தானே எழுதியிருக்கீங்க” என்றார்.

ஆறுதலா, குத்தலா? இப்போதும் புரியவில்லை.

பேண்டு செட் கலைந்துவிட்டது. மிராசு நிலம் மனைகளாகிவிட்டது. தனபால் வேலையை இழந்தது என் பேனாவாலா, தம்பி பிடித்த கொடியாலா என்று சொல்லக்கூடியவர் மாஸ்டர் ஒருவர்தான். அவரும் இல்லை. தனபால் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுப் பார்க்கிறேன். அப்படி ஒருவர் வாசித்ததே இங்கே யாருக்கும் நினைவில்லை.