காலிப் பொட்டலம்

எனக்கு எழுபத்தாறு வயது. நான் வளர்த்தது நான்கு பிள்ளைகள். இப்போது எத்தனை பேர் என்று யாராவது கேட்டாலும் நான்கு என்றுதான் சொல்வேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் அந்த நேரம் வேறு எங்காவது பார்த்துக்கொள்வார்.

இதை நானேதான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் பெண்களை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்களே, அப்போது கற்றது. ஒரு வரி முடிப்பதற்குள் ஒரு காபி ஆறிவிடும். ஆறட்டும். யாரிடமும் சொல்லி எழுத வைக்கிறவள் இல்லை நான்.

கடைசிப் பையன் ஒரு காணும் பொங்கல் அன்று கூட்டாளிகளோடு மாமல்லபுரத்துக்குப் போனான். செங்கல்பட்டில் அவனோடு பஸ் ஏறிய எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தான், ஓர் அலை வந்தது, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்றார்கள். படகு போட்டுத் தேடினார்கள். என் வீட்டுக்காரரும் பெரியவனும் கரையோரமாகவே வடக்கே முட்டுக்காடு வரைக்கும் விசாரித்துக்கொண்டு நடந்தார்கள். கிடைத்தது அவன் சட்டை மட்டும். குளிக்க இறங்குவதற்கு முன் மடித்து, மேலே செருப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எதையும் மடித்து வைக்கிற பழக்கம் அவனுக்கு வீட்டில் கிடையாது.

உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துக் கருமாதி முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார்.

“உள்ள இன்னா கீதுன்னு அதுக்கு நெருப்பு வெப்ப?” என்று கேட்டேன். “வெறும் புல்லு. எம்புள்ளயா அது?”

“ஊரு பேசுதுமே.”

“பேசட்டும். நாளைக்கே அவன் வாசல்ல வந்து நின்னா இன்னா சொல்லுவ? ஒனக்கு எல்லாம் முடிச்சிட்டோம், வந்த வழியே போ நைனான்னு சொல்லுவியா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் போயின.

அவன் எப்போதும் நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறவன். தட்டி எழுப்ப மாட்டான், கதவைத் தள்ளிப் பார்ப்பான். அதனால் நான் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டேன். சாத்தி மட்டும் வைப்பேன். கடற்காற்று எங்கள் ஊர்வரை வரும் நாட்களில் கதவு தானாக ஒரு விரல் அளவு திறக்கும். நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். மறுபடி சாத்துவேன்.

மகளுக்குக் குழந்தை பிறந்து, ஊரப்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போனேன். அங்கேயும் அப்படித்தான். மருமகன் தமாஷ் பேசுகிறவர்.

“அத்த, இது ரோட்டு மேல கீற வூடு. திருடன் வந்தா டீ போட்டுக் குடுப்பீங்களா?”

“வந்தா குடுக்கறேன் மாப்ள. பால் இருந்தா.”

அவர் சிரித்தார். ஆனால் படுக்கப் போகும்போது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவார். நான் பின்னாலேயே போய் நீக்குவேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

குழந்தைக்குக் காது குத்த வேண்டும். வீட்டில் ஒரு சாவு முடிக்காமல் கிடக்கும்போது நல்லது எப்படிச் செய்வது என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். முகத்துக்கு நேரே கேட்கவில்லை. மகளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. குழந்தையின் வெறும் காது மடலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா?

அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கைக்குழந்தைக்காரி என்று கொஞ்ச நாள் வேலையை வீட்டுக்கே கொடுத்திருந்தார்கள். கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளறையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே நீல ஒயர் ஒன்று கதவு இடுக்கு வழியாகப் போகும். கூடத்துக் கம்ப்யூட்டரில் ஒரு கேமராவின் ஒயரைச் சொருகுவாள். உடனே உள்ளறையில் இருப்பது ‘டிடிங்’ என்று மேலே ஏறுகிற மாதிரி ஓசை போடும்.

முதல் நாள் நான் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

“உள்ள யாருடி?”

“யாரும் இல்லம்மா. இங்க சொருகின கேமராவ, அந்தக் கம்ப்யூட்டர் தனக்குள்ளயே சொருகினதா நெனச்சிக்கணும். அதுக்குத்தான் புரோகிராம் எழுதறேன். டிரைவர்னு பேரு. நெட்வொர்க்ல நடுவுல நின்னுகினு ரெண்டு பக்கமும் பேசும்.”

“இல்லாதத இருக்குதுன்னு நம்ப வெக்கறது.”

“அதேதான்.”

“ஏமாத்து வேலைன்னு சொல்லு.”

“சம்பளம் தராங்களே,” என்று சிரித்தாள்.

ஆளில்லாத அறையிலிருந்து, வந்துவிட்டேன் என்று ஒரு சத்தம். ஒவ்வொரு முறையும் என் கண் வாசல் கதவுக்குப் போகும். அவள் அதைப் பார்த்துவிட்டாள். சத்தத்தை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வேலையில் ஒரு கோளாறு வந்தது. கேமராவில் குழந்தையின் படங்களை எடுத்து வைத்திருந்தாள். அவற்றை ஒயர் வழியாக உள்ளறைக்கு அனுப்புவாள். பெரும்பாலும் நல்லபடியாகப் போகும். சில படங்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும். திரையில் பச்சைக் கோடு நிரம்பிக்கொண்டே வந்து, ஓரத்தைத் தொட்டு, அப்படியே நிற்கும். முடிந்தது என்று சொல்லாது. படத்தையும் காட்டாது. கடைசியில் அவள் கம்ப்யூட்டரையே அணைப்பாள். மறுபடி போடுவாள். மறுபடி ‘டிடிங்’. மறுபடி அதே படம், அதே இடத்தில் நிற்கும்.

ஒயரை மாற்றினாள். ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசினாள். வழியில் எங்கேயோ கொஞ்சம் தொலைகிறது, அதனால்தான் முடியவில்லை என்று எல்லோரும் சொன்னார்களாம். தொலைந்ததைத் தேடினாள். சோறு ஆறிப்போகும், அவள் திரையை விட்டு நகர மாட்டாள். வாயைத் திறந்து திட்டுகிறவளாக இருந்தால் தேவலை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரையில் நடந்துவிட்டு வந்த அன்று அவள் அப்பா உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது.

ஒரு மத்தியானம் நான் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு அறைக்கும் மாறி மாறி நடந்து எதையோ ஒப்பிட்டுப் பார்த்தாள். திடீரென்று உள்ளறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, ஒண்ணுமே தொலையல.”

“இன்னாது?”

“இத்தினி நாளா நடுவுல தொலையுதுன்னு தேடிகினு இருந்தேன். தொலையவே இல்ல. வர வேண்டியது எல்லாம் வந்துடுச்சி. முடிஞ்சிபோச்சின்னு மட்டும் அதுக்குத் தெரியல. இன்னும் வரும்னு காத்துகினு கீது.”

என் கை தூளிக் கயிற்றில் நின்றது.

“யாரும் சொல்லலியா அதுக்கு?”

“சொல்லணும்மா. படத்த ஒரே அளவுப் பொட்டலமா கட்டித்தான் அனுப்பும். கடைசிப் பொட்டலம் கொறைவா இருக்கும். கொறைவா வந்தா, சரி, இதோட அவ்ளோதான்னு அந்தப் பக்கம் புரிஞ்சிக்கும். சில படத்துக்குக் கடைசிப் பொட்டலமும் சரியா நெறைஞ்சிடுது. அப்போ பின்னாடியே உள்ள ஒண்ணும் இல்லாத காலிப் பொட்டலம் ஒண்ணு போகணும். கேமரா அனுப்பத்தான் செய்யுது. நடுவுல என் புரோகிராம் அதத் தூக்கிப் போட்டுடுது.”

“ஏன் தூக்கிப் போடுது?”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“நான்தான் அப்படி எழுதி வெச்சேன். உள்ள ஒண்ணும் இல்லாதத எதுக்கு அனுப்பணும், வீண் சுமைதானேன்னு.”

அவள் என்னை வைத்துச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் எனக்கு என் அப்பாவின் களம் ஞாபகம் வந்தது. நெல் அளக்கும்போது கடைசி மரக்கால் குறையாக வந்தால் கோணி பிடிப்பவன் தானாகவே வாயைக் கட்டிவிடுவான். குவியல் சரியாக முழு மரக்காலில் முடிந்துவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்? முதுகு காட்டிக் குனிந்து கோணியை விரித்துப் பிடித்தபடியே இருப்பான். அப்பா வெறும் மரக்காலைக் கோணி வாயில் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் அவன் நிமிர்வான்.

நான் எத்தனை வருஷமாகக் கோணியை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் அந்த ஒரு வரியை எடுத்தாள். மாட்டிக்கொண்ட படத்தை மறுபடி அனுப்பினாள். பச்சைக் கோடு ஓரத்தைத் தொட்டது. போனது. குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டு திரை முழுக்க வந்தாள். மகள் கைதட்டினாள். அப்புறம் கேமரா ஒயரைப் பிடுங்கினாள்.

உள்ளறையிலிருந்து ஓர் ஓசை வந்தது. இது மேலே ஏறவில்லை, கீழே இறங்கியது. எப்போதும் ஒயரைப் பிடுங்குவதற்கு முன்பே ஏதாவது ஒரு படம் மாட்டிக்கொள்ள, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதால் அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. அதற்கப்புறம் அது வெறும் அறையாக இருந்தது.

“ஒங்க நைனாவுக்குப் போன் போடு,” என்றேன்.

“எதுக்கும்மா?”

“தர்ப்பை அறுத்து வெக்கச் சொல்லு.”

அவள் போனை எடுத்தாள். மூன்று தரம் தப்பாக அழுத்தினாள்.

மாமல்லபுரத்தில் கூட்டத்துக்குத் தெற்கே, ஆளில்லாத மணலில் வைத்துச் செய்தோம். பெண்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்றார்கள். நான் நின்றேன். காரியம் செய்து வைத்தவர், பையன் போட்ட துணி ஏதாவது இருந்தால் உருவத்துக்குள் வைக்கலாம் என்றார். சட்டை என் பையில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

“வேணாம்யா,” என்றேன். “காலியாவே போவட்டும்.”

பெரியவன் கொள்ளி வைத்தான். புல்தானே, நொடியில் எரிந்துவிட்டது. சாம்பலைக் கொண்டுபோய்க் கரைத்தபோது ஓர் அலை வந்து என் காலைச் சுற்றிக்கொண்டு, மணலை இழுத்துக்கொண்டு போனது. நான் குனிந்து பார்க்கவில்லை.

அன்று ஊருக்குத் திரும்பியதும் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். துரு ஏறி, நகரவே இல்லை. எண்ணெய் விட்டுத்தான் போட முடிந்தது. காற்று அடிக்கும் நாட்களில் இப்போதும் அது உள்ளே இருந்து தள்ளுகிற மாதிரியும் ஆடும், வெளியே இருந்து தள்ளுகிற மாதிரியும் ஆடும். நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து போவதில்லை.

அன்றைக்குத் தூளியில் கிடந்தவள் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், காதில் ஜிமிக்கி ஆட.

“இந்தாடி, ஆயா எழுதினத மொதல்லேர்ந்து படி. அவசரப்படாத. கடைசி வரி வந்ததும் பேசாம எழுந்து போயிடக் கூடாது. முடிஞ்சிடுச்சி ஆயான்னு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ.”