வலது குதிகால் தேயவில்லை

லாரி ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் செருப்புக் கடையில் பதினோரு வருஷமாக விற்பனைக்கு நிற்பவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி வைத்த பேர். கம்பெனி ஆள் புது ஷூவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால் முதலாளி விலையைப் பார்ப்பார். அவளோ ஷூவை இரண்டாக மடக்குவாள், பசையை முகர்வாள், உள்ளே கையை விட்டுத் தையலை நகத்தால் நெருடுவாள். "அசல் தோல்" என்று எழுதியிருந்தால் போச்சு, சந்தேகம் இரண்டு மடங்கு ஆகிவிடும். அசலாக இருந்தால் எதற்கு எழுதிக் காட்ட வேண்டும் என்பாள்.

வாங்க வருகிறவர்களையும் நம்பமாட்டாள். எட்டாம் நம்பர் என்று சொன்னால் உட்காரவைத்து அளந்து பார்ப்பாள், ஒன்பதாக இருக்கும். எல்லோரிடமும் முதல் கேள்வி ஒன்றுதான். "உக்காந்து பாக்குற வேலையா, நின்னு பாக்குற வேலையா?" அதற்குப் பதில் வராமல் எந்தப் பெட்டியையும் திறக்கமாட்டாள்.

லாரி ஓட்டுகிறவர் வந்துவிட்டால் பேச்சு நீளும். அவர்களுக்கு அடிப்பாகம் தடிமனாக இருக்கவே கூடாது. பிரேக் எவ்வளவு அமுங்குகிறது என்று பாதத்துக்குத் தெரியவேண்டும். பின்னால் திறந்த செருப்பும் ஆகாது. கழன்று பெடலுக்கு அடியில் சிக்கினால் கதை முடிந்தது. விரல் பக்கம் அகலமாக இருக்கவேண்டும், ஏனென்றால் மத்தியானத்துக்கு மேல் கால் வீங்கும். அதனாலேயே காலையில் வருகிறவர்களைச் சாயங்காலம் வாங்க என்று திருப்பி அனுப்பிவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு பழுப்பு நிற ஷூவை எடுத்து வைப்பாள்.

"எங்க வீட்டுக்காரரு இதைத்தான் போடுறாரு. இருபத்திரண்டு வருஷமா லாரி ஓட்டுறாரு, வண்டியில ஒரு கீறல் கிடையாது."

அதற்குமேல் யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது சந்தேகம் வந்திருப்பது அந்த வீட்டுக்காரர் மேல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து அவர் ஷூவைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா திருப்பிப் பார்த்தவளுக்குக் கை நின்றுவிட்டது. லாரிக்காரரின் ஷூ தேய்வதற்கு ஒரு வழி உண்டு. வலது குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஆக்ஸிலேட்டருக்கும் பிரேக்குக்குமாகப் பாதத்தைத் திருப்பித் திருப்பி, ஆறு மாதத்தில் அந்தக் குதிகாலின் விளிம்பு கத்தியால் சீவினாற்போல் சாய்ந்துவிடும். இடது ஷூவில் கிளட்ச் மிதிக்கிற இடம், விரலுக்குக் கீழே, மழமழவென்று ஆகிவிடும். இந்த ஜோடி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. வலது குதிகால் விளிம்பு சாயாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டு அடிப்பாகமும் ஒரே சீராகத் தேய்ந்து, வரிகளில் பொடிக்கல் அடைத்துக்கிடந்தது. விரல் மடங்கும் இடத்தில் ஆழமான சுருக்கம்.

இந்த மனுஷர் ஓட்டவில்லை, நடக்கிறார். நாள் பூராவும் நடக்கிறார்.

காலை ஆறரைக்குச் சிமெண்ட் லாரி எடுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர் எங்கே நடக்கிறார்? யாரோடு நடக்கிறார்?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சட்டையை முகர்ந்தாள், டீசல் வாசனையே இல்லை. சிமெண்ட் தூள் இருந்தது. ஆனால் அது என்ன பெரிய சாட்சியா, எங்காவது ஒரு பிடி அள்ளிப் பூசிக்கொண்டால் ஆயிற்று. சாயங்காலம் வந்ததும் வெந்நீர் கேட்டார். வாளியில் காலை வைத்துக்கொண்டு குதிகாலை அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

"என்னங்க, ரொம்ப வலிக்குதா?"

"கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இப்படி ஆகிப்போச்சு."

தேய்த்துக்கொண்டிருந்தது வலது காலை. கிளட்ச் எப்போது வலப்பக்கம் வந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. உஷார்ப்படுத்திவிட்டால் அப்புறம் எதுவும் கிடைக்காது.

இன்னொரு வீடு என்றே முடிவு கட்டிவிட்டாள். யாரோ ஒருத்திக்குக் கடை கண்ணிக்குப் பை தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்று நினைத்து நினைத்து, கடையில் ஒருவருக்கு இரண்டு இடது ஷூவைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டாள். புதன்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சிமெண்ட் கிடங்குக்கு எதிரே இருந்த டீக்கடையின் ஓரமாகப் போய் நின்றாள்.

அவருடைய லாரி வந்தது. நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஸ்டியரிங்கில் இருந்தது யாரோ ஒரு மீசைக்காரர். நினைச்சேன் என்று பல்லைக் கடித்தாள். அப்போது லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடிச்சு வரட்டும்... போதும்!"

ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க, கையை ஆட்டி ஆட்டி லாரி பின்னால் வர வழி காட்டிக்கொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர். அது நின்றதும் அடுத்த லாரிக்கு நடந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, எல்லாம் சிமெண்ட் தரை. நடுவே ஒரு நிமிஷம் கிடைத்தபோது சுவரில் சாய்ந்து, வலது குதிகாலை மட்டும் ஷூவிலிருந்து வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளு யாரு?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

"அவரா? டிரைவரு. கண்ணு டெஸ்ட்ல நிறுத்திட்டாங்க, பாவம். வலது கண்ணு கண்ணாடி போட்டாலும் தேறலையாம். அஞ்சு மாசம் இருக்கும். ஆனா நாங்க இன்னும் டிரைவர்னுதான் கூப்பிடுறோம். நீங்க யாரும்மா?"

"செருப்புக் கடையில இருந்து வந்தேன்" என்றாள்.

இன்னொருத்தி இல்லை என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. மெல்லிய அடி, பஞ்சு இல்லாத குதிகால். பத்து மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்கிற வேறு யாராவது அந்தப் பழுப்பு ஷூவைக் கேட்டிருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் இவரிடம் "அதேதானே?" என்றுதான் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "அதேதான்" என்றார். எப்போதும்போல எட்டாம் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அளக்காமல், கேட்காமல் ஷூ கொடுத்த ஒரே ஆள் அவர்தான். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வாளியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கடையிலிருந்து கொண்டுவந்த அளவுப் பலகையோடு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மூடிய பெட்டி ஒன்று. ஈரக் காலைத் தூக்கித் துண்டால் துடைத்துப் பலகையில் வைத்தாள். எட்டு இல்லை, ஒன்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"உக்காந்து பாக்குற வேலையா, நின்னு பாக்குற வேலையா?"

"என்ன இது, விளையாட்டு?"

"கடையில எல்லாரையும் கேக்குறதுதான். சொல்லுங்க."

அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"உங்க ஷூதான் சொல்லிச்சு."

"என்னைச் சொல்லித்தானே நீ கடையில விக்கிற" என்றார் அவர். "வண்டியை விட்டு எறக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா, அப்புறம் என்னத்தைச் சொல்லி விப்ப?"

அவள் அந்தக் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க" என்றாள். "பதில் வராம நான் பெட்டியைத் திறக்கிறதில்ல."

"நின்னு" என்றார் அவர்.

அவள் பெட்டியைத் திறந்தாள்.