எட்டு நொடி சும்மா இருந்த பாட்டு

மலை பஸ் ஓட்டுகிறவனுக்கு இரண்டு தொல்லை. ஒன்று வளைவு. இன்னொன்று கண்டக்டர் போடும் பாட்டு. வளைவாவது எழுபதோடு முடிந்துவிடும்.

என் கண்டக்டர் தங்கராசு. வயது நாற்பதை நெருங்குகிறது. பதினைந்து வயதிலிருந்து இடிமுரசு என்கிற ராப் பாடகருக்குப் பக்தன். முன்கையில் அவர் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான். அந்த ஆளுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல். பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, போன மாதம் 'இறக்கம்' என்று ஒன்பது பாட்டுடன் ஒரு ஆல்பம் விட்டார். அதை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான் தங்கராசு.

எனக்கு ராப் ஆகாது. வேகமாகத் திட்டு வாங்க வேண்டுமென்றால் வீடு இருக்கிறது. "ஒரு வாரம் போடு. சனங்க வேண்டாம்னா வெள்ளிக்கிழமை பென் டிரைவைப் புடுங்கிருவேன். அப்புறம் இந்த பஸ்ஸுல அந்தாளு பேரையே எடுக்கக் கூடாது" என்றேன். சரி என்றான். என்னைப் போல் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து அவதிப்படும் டிரைவர்களே, அந்த ஒரு வாரம் இது.

ஒற்றை விசில்

திங்கட்கிழமை. மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் எடுத்து, ஒன்பதாவது வளைவு ஏறிக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. முப்பது வருஷமாக என் காலுக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான். மூளையைக் கேட்காமல் பிரேக்கை மிதித்துவிட்டது. யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தான்.

விசில் பாட்டுக்குள் இருந்தது. நான் தங்கராசுவை முறைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டில் இரட்டை விசில் வந்தது. கால் தானாக ஆக்சிலேட்டருக்குப் போனது. சந்தையில் விற்றுத் தீர்ந்த காலி அன்னாசிக் கூடைகளோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா கேட்டாள்: "ஏனுங்க டிரைவரே, பாட்டுக்காரருக்கும் நம்ம பஸ்ஸுல வேலை போட்டுக் குடுத்தாச்சுங்களா?"

செல்போன் தீர்ப்பு

மலைமேல் வாழவந்தி நாட்டில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறவர், சேலத்துக்காரர், தினமும் எங்கள் பஸ். பெயர் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் சார்தான். செவ்வாய்க்கிழமை செல்போனைத் திறந்து, ஆல்பத்தைப் பற்றி யார் யாரோ எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். பாடகருக்கு மூச்சு வாங்குகிறதாம். பழைய வேகம் இல்லையாம். எல்லாவற்றையும்விட ஏழாவது பாட்டைத்தான் கிழித்திருந்தார்கள். நடுவில் திடீரென்று ஒரு பெண் "ஓஓஓ" என்று நீளமாகக் கூவுகிறாள். அதன் பிறகு எட்டு நொடி ஒன்றுமே இல்லை. தாளமும் இல்லை, பேச்சும் இல்லை. அப்புறம் பாட்டு தொடர்கிறது. அது கவனக்குறைவு, பதிவுக் கோளாறு, காதில் போட்டுப் பார்க்காமலே வெளியிட்டுவிட்டார்கள் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

சார் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தார். எட்டு நொடி சரியாக இருந்தது.  தங்கராசு அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறக்கவில்லை. இறங்கும்போது சார் அவன் தோளைத் தட்டிச் சொன்னார்: "உங்க அண்ணன் பாட்டு நடுவுல தூங்கிட்டாரு தங்கராசு. பக்கத்துல எழுப்பி விடக்கூட ஒரு ஆளு இல்ல பாருங்க."

பழைய ரசிகர்கள்

புதன்கிழமை இறக்கத்தில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர். ரசிகர்களாம். "முன்னாடியெல்லாம் ஒரே மூச்சுல நாப்பது வரி அடிப்பாருடா. இப்ப நடந்து வர்றாரு" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான்.

எனக்கு அங்கேதான் எரிச்சல் வந்தது. ஏனென்று அப்போது தெரியவில்லை. மலையில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். புதிதாக வந்தவன் டாப் கியரில் விட்டுப் பிரேக்கைத் தேய்ப்பான். பாதி மலையில் பிரேக் டிரம் புகையும். அனுபவக்காரன் இரண்டாம் கியரில் போட்டு, எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விடுவான். பார்க்கிறவனுக்கு மெதுவாகத் தெரியும். அந்த ஆள் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட வழுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி எப்படித் திரும்புமோ அப்படி வரி திரும்பியது.  அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் தங்கராசு மெல்ல வந்தான். "அண்ணே, வளைவுல ஸ்டீரிங்கை விட்டுக் கை எடுக்காத மனுசன், ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுனீங்க. நான் பார்த்தேனுங்க."

வெள்ளையம்மாவின் பதில்

வியாழக்கிழமை. மேலே ஏறிச் சமதளத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஏழாவது பாட்டு. வெள்ளையம்மா கூடைமேல் கை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் அந்தப் பெண் கூவினாள். நிசப்தம். வெள்ளையம்மா கண்ணைத் திறக்கவில்லை. தலையை நிமிர்த்தி, வாய்ப்பக்கம் கையைக் குவித்து, "ஓஓஓ... ஏஏய்!" என்று ஒரு போடு போட்டாள். ஆபீஸ் சார் செல்போனைக் கீழே போட்டார். நான் மறுபடியும் பிரேக்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன். அவளுக்கே வெட்கம். "இது எங்க குண்டனி நாட்டுப் பக்கத்துக் கூப்பாடுங்க. சாமைக் காட்டுல கிளி ஓட்டறவ ஒருத்தி கூப்பிட்டா அடுத்த காட்டுக்காரி பதில் குடுக்கோணும். குடுத்தாத்தான் கிளி அந்தப் பக்கமும் எறங்காது. பதில் வரலீன்னா, அவ ஒத்தையில நிக்கிறான்னு அர்த்தமுங்க. பாட்டு கூப்பிட்டா மட்டும் பதில் சொல்ல வேண்டாமுங்களா?"

தங்கராசு படிக்கட்டில் அப்படியே நின்றான். எட்டு நொடி எதற்கு என்று பஸ்ஸில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சார் மட்டும் செல்போனைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது உனக்குத் தெரியும்மா. மெட்ராஸ்ல உக்காந்து பாடுற ஆளுக்குத் தெரிஞ்சு விட்ட எடமா அது? தானா விழுந்த ஓட்டை."

வெள்ளிக்கிழமை

கடைசி நாள். ரோட்டை ஒட்டி இருபக்கமும் சாமை முற்றி நின்றது. ஏழாவது பாட்டு தொடங்கியதும் நான் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். நேரத்துக்கு ஓட்டுகிற வண்டி, நான் அப்படி நிறுத்தியதே இல்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை. தங்கராசு சத்தத்தை முழுக்க வைத்தான்.

அந்தப் பெண் கூவினாள். அப்புறம் ஒன்றுமில்லை. சார் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. காற்றில் கதிர் உரசுகிற சத்தம் மட்டும். தங்கராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு. அப்போது காட்டுக்குள்ளிருந்து, ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு குரல் எழும்பி வந்தது: "ஓஓஓ... ஏஏய்!" அதற்கு அப்பால், சரிவுக்குக் கீழே, இன்னொரு குரல். அதற்கும் அப்பால் இன்னொன்று, ஊசி முனை அளவுக்கு. அது அடங்கியது. அடங்கிய அந்த நொடியில்தான் இடிமுரசு அடுத்த வரியை எடுத்தார். "வந்துட்டீங்களா?" என்பதுதான் அந்த வரி. அதுவரை எங்களில் யாருக்கும், தங்கராசுவுக்குக்கூட, அந்த வரி எதற்கென்று உறைத்திருக்கவில்லை.

ராப் ஆகாத என் கையில் முடி குத்திட்டு நின்றது. வெள்ளையம்மா கும்பிட்டாள், யாரை என்று தெரியவில்லை. தங்கராசு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆபீஸ் சார் செல்போனைப் பைக்குள் போட்டார். கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மூடினார். "தங்கராசு, அதை இன்னொரு வாட்டி போடுங்க. இந்தத் தடவ நான் எண்ண மாட்டேன்."

முப்பது வருஷமாக இந்த மலையில் ஹாரன் அடிக்கிறேன், எந்தக் காடும் எனக்கு ஒரு பதில் கொடுத்ததில்லை.