ஓடைக்கு அக்கரையில் பாருக்குட்டி

திருப்பூர் ராயபுரத்தில் மயிலாத்தாளுக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டு வீடு, குழாய்த் தண்ணீர், பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் வேலை. ஆனாலும் துணி துவைக்க உட்கார்ந்தால் போதும், மனசு மலைக்கு ஏறிவிடும்.

புருஷன் சென்னியப்பனுக்கு முன்பு மலையில் நீர் அளக்கும் வேலை. ஓடை ஒன்று, அரசாங்கம் இரண்டு. ஒருவர் கணக்கை மற்றவர் நம்பவில்லை. அதனால் இக்கரையில் ஓர் அளவுக்கம்பம், சென்னியப்பன். கேரளக் கரையில் இன்னொரு கம்பம், சாமுண்ணி. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

சாமுண்ணியின் மனைவி பாருக்குட்டி. அவளுக்குத் தமிழ் வராது. மயிலாத்தாளுக்குத் தமிழிலேயே நாலு வார்த்தை சேர்ந்து வராது. ஓடையில் துவைத்த சேலையின் ஒரு முனையை இவள் நீட்டுவாள். அவள் பிடித்துக்கொள்வாள். எதிரெதிரே நின்று பிழிவார்கள். முகத்தில் தெறிக்கும் தண்ணீருக்கு இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

பிறகு கல்லூரியிலிருந்து வாத்தியார்கள் வந்தார்கள். இரண்டு ஆண்களையும் ஒரே கொட்டகையில் உட்கார வைத்து, நீரோட்டத்தை அளக்கப் பாடம் நடத்தினார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. சண்டை தீர்ந்தது. ஒரு கம்பமும் ஓர் ஆளும் போதும் என்றாகி, சென்னியப்பனைத் திருப்பூர் ஆபீசுக்கு மாற்றினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். மயிலாத்தாள்தான் ஜீப்பில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வருஷம் ஒருமுறை மலையில் இரு மாநிலத்தாருக்கும் பயிற்சி நடக்கும். இந்த வருஷம் சென்னியப்பனும் போய் வந்தார். சோறு போட்டதும் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, பாருக்குட்டியப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். புதுசா ஒரு மிசின் வந்திருக்குது புள்ள, தண்ணிக்குள்ள உட்டா..."

"அவ எப்படி இருக்கறாளுங்க?"

"ஜீப்பு சத்தம் கேட்டு ஓடியாந்தா. எனக்குப் பின்னால எட்டி எட்டிப் பார்த்தா. ஆரும் இல்லீன்னதும் ஊட்டுக்குள்ள போயிட்டா."

மயிலாத்தாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"என்னன்னு சொல்றது? நீங்க ரெண்டு பேரும் என்னைக்குப் பேசியிருக்கறீங்க, நான் எடுத்துச் சொல்ல?"

அவள் குழம்பை ஊற்றினாள். "அடுத்த வருசம் நானும் வாறனுங்க" என்றாள்.

சென்னியப்பன் நிமிர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து எதையும் அவரிடம் கேட்டுச் செய்துதான் அவளுக்குப் பழக்கம்.

"அங்க பாடம் நடத்துவாங்க புள்ள. உனக்கென்ன வேலை?"

"நீங்க பாடத்துக்குப் போங்க. நான் ஓடைக்குப் போறனுங்க."